ஐம்பத்தைந்து நாளும் பதினேழு மணியும்
(பெங்களூரு – சான் பிரான்சிஸ்கோ ஆகாய மார்க்கத்தின் கதை)

சில மாதங்களுக்கு முன் ஒரு சதாபிஷேகத்தில் சாப்பாட்டுப் பந்தி முடிந்து தாம்பூலம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சுற்றி இருந்த பத்துப் பேரில் ஏழு பேருக்குப் பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில். பேச்சு வழக்கம்போல் விசா, பேரன், பனி, டிக்கெட் விலை என்று சுற்றி வந்து, "பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம்? எத்தனை மணி நேரம்?" என்பதில் வந்து நின்றது. ஒரு நண்பர், "இதில் என்ன சிரமம்? பதினாலாயிரம் கிலோமீட்டர். விமானம் மணிக்குத் தொள்ளாயிரம் போகிறது. வகுத்துப் பாருங்கள், பதினைந்தரை மணி" என்று முடித்துவிட்டார்.

கணக்கு சரி. விடை மட்டும் சரியில்லை. ஏனென்றால் 2016-ல் ஏர் இந்தியா ஒரு வேடிக்கை செய்து காட்டியது. தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அட்லாண்டிக் வழியாகச் சுமார் 13,900 கி.மீ. போய்க்கொண்டிருந்த விமானத்தை, அந்த வருஷம் அக்டோபரில் பசிபிக் வழியாக அனுப்பினார்கள். அந்த வழி 15,300 கி.மீ.; அதாவது 1,400 கி.மீ. அதிகம். ஆனால் பயணம் சுமார் பதினாலரை மணியில் முடிந்துவிட்டது. பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவு!

தூரம் கூடினால் நேரம் குறையுமா? ஐம்பது வருஷங்களுக்கு முன் கல்லூரியில் படித்த பௌதிகத்தைத் தூசி தட்டி, கூடவே கொஞ்சம் சரித்திரத்தையும் புரட்டிப் பார்த்தேன். இரண்டு ஊர்களுக்கு நடுவே உள்ள தூரம் பூமி உருண்டையில் மாறுவதில்லை. நேரம் மட்டும் காற்று, என்ஜின், மலை, ராஜாங்கங்களின் கோபதாபங்கள் என்று பலவற்றைப் பொறுத்தது. நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இது வெறும் பொது அறிவு அல்ல என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கப்பலில் போன காலம்

இந்தப் பயணத்துக்கு ஒரு பழைய அளவுகோல் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சுவாமி விவேகானந்தர் 1893 மே 31 அன்று பம்பாயில் 'பெனின்சுலர்' கப்பலில் ஏறினார். கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங், ஜப்பான் என்று நின்று பார்த்துக்கொண்டே போய், யோகோஹாமாவில் 'எம்ப்ரஸ் ஆஃப் இந்தியா' என்ற கப்பலுக்கு மாறி, ஜூலை 25 அன்று கனடாவின் வான்கூவரில் இறங்கினார். மொத்தம் 55 நாள். அவருடைய பயணச் செலவுக்கு வீடு வீடாகப் போய்ப் பணம் சேர்த்தவர்களில் முக்கியமானவர் சென்னை அளசிங்கப் பெருமாள். சுவாமிஜி போனது கிழக்கு நோக்கி, பசிபிக் வழியாக. 2016-ல் ஏர் இந்தியா பிடித்ததும் அதே திசைதான்.

பசிபிக் கடலை ஆகாயத்தில் முறையான தபால் ஸர்வீஸாகத் தாண்டியது 1935-ல். பான் அமெரிக்கன் கம்பெனியின் 'சைனா கிளிப்பர்' என்ற கடல் விமானம் நவம்பர் 22 அன்று சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலிருந்து கிளம்பி ஹோனலூலு, மிட்வே, வேக், குவாம் தீவுகளில் இறங்கி இறங்கி, 29-ஆம் தேதி மணிலா போய்ச் சேர்ந்தது. நாட்கணக்கில் ஒரு வாரம். ஆகாயத்தில் இருந்த நேரம் மட்டும் 59 மணி 48 நிமிஷம். யுத்தம் முடிந்ததும் 1947-ல் அதே கம்பெனி உலகைச் சுற்றும் ஸர்வீஸ் ஆரம்பித்தபோது கல்கத்தாவும் சான் பிரான்சிஸ்கோவும் ஒரே தடத்தில் இரண்டு நிறுத்தங்களாயின.

நம் நாட்டுக் கணக்கு 1948 ஜூன் 8-ல் தொடங்குகிறது. அன்று ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் 'மலபார் பிரின்சஸ்' பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குக் கிளம்பியது. 1960 மே மாதம் போயிங் 707 ஜெட் விமானத்தில் லண்டன் வழியாக நியூயார்க் வரை ஸர்வீஸ் நீண்டது. கலிபோர்னியா போகிறவர்கள் அங்கிருந்து இன்னொரு கண்டத்தைத் தாண்ட வேண்டும். அதற்கப்புறம் வெகு காலம் இதே கதைதான். நடுவில் ஓரிரண்டு இடத்தில் இறங்கி, காத்திருந்து, ஏறிப் போக வேண்டும். ஏன் நேராகப் போக முடியவில்லை என்பதில்தான் ருசியே இருக்கிறது.

நூலும் உருண்டையும்

வீட்டில் பேரக் குழந்தைகளின் குளோப் இருந்தால் ஒரு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைப் பெங்களூரிலும் மறு முனையைச் சான் பிரான்சிஸ்கோவிலும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் ஐரோப்பா வழியாகவும் போகாது, ஜப்பான் வழியாகவும் போகாது. நேரே வடக்கே ஏறி, வடதுருவத்துக்குப் பக்கத்தில் போய், கனடா வழியாக அந்தப் பக்கம் இறங்கும். இரண்டு ஊர்களுக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் சுமார் 160 டிகிரி. அதாவது அவர்கள் ஏறக்குறைய உருண்டையின் மறுபுறத்தில் இருக்கிறார்கள். மறுபுறம் போக உச்சந்தலை வழிதான் குறுக்கு வழி. அந்த நூலின் நீளம் சுமார் 13,990 கி.மீ. நாம் பள்ளிக்கூடச் சுவரில் பார்த்த படம் மெர்கேட்டர் 1569-ல் மாலுமிகளுக்காகப் போட்ட முறையில் வரைந்தது. அதில் துருவம் ஒரு புள்ளியாகவே தெரியாது. அதனால்தான் இந்த வழி நம் கண்ணில் படுவதில்லை.

இந்த நூல் வழியில் விமானம் போவதற்குப் பல தடைகள் இருந்தன.

முதலாவது எரிபொருள். 14,000 கி.மீ. போகத் தேவையான எண்ணெயைச் சுமக்கவே எண்ணெய் செலவாகும். போயிங் 777-200 எல்.ஆர். என்ற ரகம் 2006-ல் ஸர்வீஸுக்கு வந்தது. கிளம்பும்போது அதிகபட்ச எடை சுமார் 347 டன். அதில் எண்ணெய் மட்டும் 145 டன் வரை கொள்ளும். விமானம் என்பதைவிடப் பறக்கும் எண்ணெய்த் தொட்டி என்றே சொல்லலாம்.

இரண்டாவது, என்ஜின் எண்ணிக்கை. 1953-ல் அமெரிக்காவில் வந்த விதிப்படி, இரண்டு என்ஜின் விமானம் எந்த நேரத்திலும் ஒற்றை என்ஜினில் 60 நிமிஷத்துக்குள் அடையக்கூடிய விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே பறக்க வேண்டும். கடலையும் துருவத்தையும் தாண்ட மூன்று நான்கு என்ஜின் விமானங்கள் தேவைப்பட்டது அதனால்தான். என்ஜின்கள் நம்பகமாக ஆன பிறகு 1985-ல் இந்த வரம்பு 120 நிமிஷமாகவும், 1988-ல் 180 நிமிஷமாகவும் தளர்த்தப்பட்டது. இது வராவிட்டால் இன்றைய நெடுந்தூர விமானங்களில் பாதி இல்லை.

மூன்றாவது நம் இமயமலை. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் விமானி உடனே சுமார் 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும். தலைக்கு மேலிருந்து தொங்கும் பிராணவாயு முகமூடி சில நிமிஷங்களுக்குத்தான் தாங்கும். கீழே 20,000 அடி மலை நின்றால் எங்கே இறங்குவது? ஆகவே திபெத், இமயமலைப் பக்கத்தைப் பெரும்பாலும் சுற்றிக்கொண்டே போகிறார்கள்.

நான்காவது துருவத்தின் குளிர். விமான எண்ணெய் மைனஸ் 40 முதல் மைனஸ் 47 டிகிரியில் உறையத் தொடங்கும். துருவத்துக்கு மேலே வெளிக்காற்று அதைவிடக் குளிராக இருக்கக்கூடும். காந்த முள்ளும் அங்கே குழம்பிவிடும். 1957-ல் ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸ் கோபன்ஹேகனிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜ் வழியாக டோக்கியோவுக்குத் துருவ ஸர்வீஸ் ஆரம்பித்தபோது, இந்தத் தொல்லைக்காகவே தனி திசைக் கணக்கு முறைகளைக் கையாண்டார்கள்.

ஐந்தாவதுதான் பெரிய தடை. துருவத்துக்கும் நமக்கும் நடுவே விரிந்து கிடப்பது ரஷ்யா. சோவியத் காலத்தில் அந்த வானம் பூட்டியே இருந்தது. 1990-களின் கடைசியில் சோதனையாகவும், 2001 முதல் முறையாகவும் துருவ வழிகள் திறந்தன. பூட்டு திறந்ததும் நூல் வழி சாத்தியமானது.

மேலே ஓடும் நதி

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். நீண்ட வழி எப்படிச் சீக்கிரம் போனது?

நம்மில் பலர், "பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறதே, அதனால்தான் நேரம் மாறுகிறது" என்பார்கள். அப்படி அல்ல. பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுற்றுகிறது. ஓடும் ரயிலுக்குள் பறக்கும் ஈ பின்னால் தங்கிவிடாதது போல. உண்மைக் காரணம் ஜெட் ஸ்ட்ரீம் என்னும் காற்றோட்டம். வெப்ப மண்டலத்துக்கும் துருவத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தாலும் பூமியின் சுழற்சியாலும் சுமார் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு நதி போல இந்தக் காற்று ஓடுகிறது. வேகம் மணிக்கு 100, 200 கி.மீ. என்று இருக்கும், மழைக்கும் வெயிலுக்கும் குறைந்து, பனிக்காலத்தில் வலுக்கும்.

இதை முதலில் முறையாக அளந்தவர் வசாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானியர். 1920-களில் தடேனோ வானிலை ஆய்வுக்கூடத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு அவை போகும் வேகத்தைக் குறித்தார். உலகத்துக்கே தெரியட்டும் என்று எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் 1926-ல் அறிக்கை போட்டார். பாவம், அந்த மொழி தெரிந்தவர்கள் சொற்பம். ஜப்பானுக்கு வெளியே யாரும் கவனிக்கவில்லை. 1944 நவம்பரில் டோக்கியோ மேல் குண்டு போடப் போன அமெரிக்க பி-29 விமானங்கள் இந்தக் காற்றில் சிக்கிக் குறி தவறின. அப்புறம்தான் அமெரிக்கர்களுக்கு இதன் பலம் உறைத்தது. 1952 நவம்பரில் பான் அமெரிக்கன் விமானம் ஒன்று வேண்டுமென்றே இந்தக் காற்றில் ஏறி, டோக்கியோ – ஹோனலூலு பயணத்தை 18 மணியிலிருந்து பதினொன்றரை மணியாகக் குறைத்தது. எதிரியின் காற்று எட்டு வருஷத்தில் கம்பெனியின் லாபமாகிவிட்டது.

2016-ல் நடந்ததும் இதுவே. 15,300-ஐப் பதினாலரையால் வகுத்தால் மணிக்கு 1,055 கி.மீ. வருகிறது. விமானம் தானாகப் போவது சுமார் 900. பாக்கி காற்று தந்த தானம். திரும்பி வரும்போது அட்லாண்டிக் வழியாக, மறுபடியும் கிழக்கு நோக்கியே வந்தார்கள். போக வர ஒரு முறை டிக்கெட் வாங்கினால் ஒரு பூப்பிரதக்ஷிணமே ஆயிற்று! 2005 நவம்பரில் போயிங் கம்பெனி ஹாங்காங்கிலிருந்து லண்டனுக்கு வேண்டுமென்றே கிழக்கே சுற்றி 21,602 கி.மீ. ஒரே மூச்சில் பறந்து சாதனை செய்ததும் இந்தக் காற்றின் துணையோடுதான். அதற்கு ஆன நேரம் 22 மணி 42 நிமிஷம்.

ஒரு சின்னக் கணக்கு. 14,000 கி.மீ. தூரம், வேகம் 900, காற்று 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றோடு போனால் 14.58 மணி; எதிர்த்து வந்தால் 16.67 மணி. இரண்டும் சேர்ந்து 31.25. காற்றே இல்லாவிட்டால் 31.11. அதாவது ஒரே வழியில் போய்த் திரும்பினால் காற்று கொடுப்பதைவிட எடுத்துக்கொள்வது எட்டு நிமிஷம் அதிகம். ஆகவே போக ஒரு வழி, வர ஒரு வழி என்று தேடுகிறவன்தான் புத்திசாலி.

ஜனவரி 10 இல்லாத பயணம்

2021 ஜனவரி 9 இரவு சுமார் எட்டரை மணிக்குச் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஏர் இந்தியா விமானம் ஒன்று பெங்களூருக்கு நேராகக் கிளம்பியது. ஓட்டியவர்கள் கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் நான்கு பெண் விமானிகள். நாம் நூல் பிடித்த அதே வழியில் வடதுருவத்தின் மேலாகப் பறந்து, ஜனவரி 11 அதிகாலை மூன்று மணி சுமாருக்குப் பெங்களூரில் இறங்கினார்கள். சுமார் பதினேழு மணி நேரம்.

தேதிகளைக் கவனியுங்கள். 9-ஆம் தேதி இரவு ஏறி, 11-ஆம் தேதி அதிகாலை இறங்கினால் 10-ஆம் தேதி எங்கே? பனிக்காலத்தில் கலிபோர்னியா நம்மைவிடப் பதிமூன்றரை மணி பின்னால். அதுவும் பயணத்தின் பதினேழும் சேர்ந்து ஒரு முழுத் தேதியை விழுங்கிவிட்டன. இன்னொன்று: ஜனவரியில் துருவத்தில் சூரியோதயம் கிடையாது. என் கணக்கில் அந்த விமானத்தில் இருந்தவர்கள் பதினேழு மணி நேரமும் சூரியனைக் கண்டிருக்க முடியாது. பிராதஸ்ஸந்தியை எப்போது பண்ணுவது என்று யாராவது கேட்டால், எனக்குத் தெரிந்த பௌதிகத்தில் பதில் இல்லை. வாத்தியாரைத்தான் கேட்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான பயணமும் சரித்திரத்தில் உண்டு. 1943 முதல் 1945 வரை, சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் இருந்தபோது, ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் கம்பெனி பெர்த் நகரிலிருந்து இலங்கையில் காலிக்குப் பக்கத்துக் கொக்கல ஏரிக்குக் கடல் விமானம் விட்டது. இருபத்தேழு மணி முதல் முப்பது மணிக்கு மேலும் ஆகும். மூன்றே பயணிகள். ஒரே பயணத்தில் இரண்டு சூரியோதயம் பார்த்ததற்கு அவர்களுக்கு ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். சான் பிரான்சிஸ்கோ தூரத்தில் பாதிகூட இல்லாத பயணம் அது!

வானத்துக்கும் கதவு உண்டு

பதினேழு மணி என்பது கல்வெட்டு அல்ல. 2019 பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூலை நடு வரை பாகிஸ்தான் தன் வானத்தை மூடியது; வடக்கேயிருந்து மேற்கே போகும் நம் விமானங்கள் அரபிக்கடல் பக்கம் சுற்றிப் போயின. 2022-ல் உக்ரைன் யுத்தம் மூண்டதும் ரஷ்யா அமெரிக்க, ஐரோப்பியக் கம்பெனிகளுக்குத் தன் வானத்தைப் பூட்டியது. இந்திய விமானங்களுக்குத் திறந்திருந்தது. அதிலும் ஒரு சோதனை வந்தது. 2023 ஜூன் 6 அன்று தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானம் என்ஜின் கோளாறால் ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் மகதான் என்ற ஊரில் இறங்கியது. 216 பயணிகள். மாற்று விமானம் மும்பையிலிருந்து போய் அவர்களை ஏற்றிக்கொண்டு 8-ஆம் தேதிதான் கிளம்ப முடிந்தது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் மறுபடி வானத்தை மூடியபோது, வட அமெரிக்க விமானங்களில் சில வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் எண்ணெய் போட இறங்கிப் போயின. பூமி உருண்டையில் ஒரு அங்குலம்கூட மாறவில்லை. மணிகள் மாறின.

நமக்கு என்ன?

இதை எழுதத் தூண்டியது அந்தப் பந்திப் பேச்சு மட்டும் அல்ல. 1987-ல் பெங்களூரில் என் அத்திம்பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காலமானார். ஒரே பிள்ளை கலிபோர்னியாவில். டிரங்கால் கிடைக்கவே பாதி நாள் ஆயிற்று. அவன் நியூயார்க், லண்டன், பம்பாய் என்று மாறி மாறி வந்து சேர்ந்தது புதன்கிழமை இரவு. அதற்குள் தாயாதி ஒருவர் அக்னி ஸம்ஸ்காரம் செய்து முடித்திருந்தார். முற்றத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவன் நின்ற நிலை இன்றும் என் கண்ணில் இருக்கிறது. பத்தாம் நாள் காரியங்களைச் செய்தான். ஆனால் கடைசியாக முகம் பார்க்கவில்லை என்ற குறை அவனை விட்டுப் போகவில்லை.

2023 ஜனவரியில் என் அக்கா போனாள். அறுபதை நெருங்கிய அதே பிள்ளை அன்றிரவே நேர் விமானத்தில் ஏறினான். செய்தி போன முப்பத்திரண்டாவது மணி நேரத்தில் வாசலில் இருந்தான். தாயாரின் முகத்தைப் பார்த்தான். தானே கொள்ளி வைத்தான். அன்றைக்கு ஸர்வீஸ் உள்ள கிழமையாக இருந்ததும், வானம் திறந்திருந்ததும், காற்று தொந்தரவு செய்யாததும் எங்கள் பாக்கியம். அடுத்த முறை அப்படி அமையும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. இந்த மாதிரி ஸர்வீஸ்கள் ஆரம்பிக்கும், நிற்கும், வழி மாறும்.

ஆகவே நம் சங்க அன்பர்களுக்கு ஒரு முதியவனின் வேண்டுகோள். தூரத்தை வகுத்து நேரத்தைக் கண்டுபிடிக்க வேண்டாம். வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளின் பாஸ்போர்ட், விசா, ஓ.சி.ஐ. கார்டு எல்லாம் காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று வருஷம் ஒரு தடவை கேளுங்கள். பிள்ளை வந்து சேர முடியாவிட்டால் யார் கர்த்தா, எத்தனை நேரம் காத்திருக்கலாம் என்பதை நல்ல நாளிலேயே வாத்தியாரிடம் கேட்டு, வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். அமங்கலம் என்று இதைப் பேசாமல் இருப்பதால், அந்த நேரத்தில் தூக்கத்தையும் துக்கத்தையும் சுமந்து வரும் பிள்ளையின் தலையில்தான் எல்லாம் விழுகிறது.

ஐம்பத்தைந்து நாள் பதினேழு மணியாகச் சுருங்கியதற்குப் பின்னால் பலூன் விட்ட ஜப்பானியர், எண்ணெய்த் தொட்டியைப் பறக்கவைத்த என்ஜினீயர்கள், துருவ இருட்டைத் தாண்டிய நான்கு பெண்கள் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார்கள். கடைசி ஒரு மணி நேரத்தை, அந்த வாசற்படி வரை உள்ள தூரத்தை, சுலபமாக்கி வைப்பது நம் கையில் இருக்கிறது.

அடுத்த முறை பேரன் போனில் கூப்பிட்டால், "எத்தனை மணி நேரம் ஆகும்?" என்று கேட்பதோடு, "எந்த வழியாக வருகிறாய்?" என்றும் கேளுங்கள். அவனுக்கும் ஒரு குளோப், ஒரு நூல் வேண்டியிருக்கும்.